அன்னாளின் தலையெழுத்து

ஹன்னா, அன்னா, அன்னாள், அன்னம்மாள், ஆன், ஆனி. இத்தனையும் ஒரே பெயர். யூதர்களின் மொழியான எபிரேயத்தில் பிறந்து, ஊர் ஊராகப் போன இடத்துக்கு ஏற்ப உருமாறிய பெண்பால் பெயர். எபிரேயத்தில் இதன் முதல் எழுத்து தொண்டையிலிருந்து எழும் ஓர் ஒலி. அந்த ஒலி எங்கே நிலைத்தது, எங்கே உதிர்ந்தது என்று தேடிப் போனால் பெயரின் வரலாறு பெரும்பாலும் பிடிபட்டுவிடும். சொல்லப்போனால், இந்தப் பெயரின் தலையெழுத்தே அதன் தலை எழுத்தில்தான் இருக்கிறது.

எபிரேயத்தில் பெயர் மூன்றே எழுத்து: ஹேத், நூன், ஹே. ஹேத் என்பது அந்தத் தொண்டை ஒலி. நூன் நம் ‘ன’. கடைசி ஹே ஒலிப்பதில்லை. முன்னால் உள்ள ‘ஆ’வைத் தாங்கிக்கொண்டு, இது பெண்பால் என்று காட்ட மட்டும் நிற்கிறது. நூன் ஒற்றை எழுத்தாக எழுதப்பட்டாலும், அதன் நடுவில் வைக்கும் புள்ளி அதை இரட்டிக்கச் சொல்கிறது. அதனால்தான் ‘ஹனா’ இல்லை, ‘ஹன்னா’. இன்றைய இஸ்ரேலியர் பேச்சில் இந்த இரட்டிப்பு மறைந்துவிட்டது. ‘ன்ன’ என்று அழுத்திச் சொல்லும் தமிழ்நாக்கு இந்த ஓர் இடத்தில் பழைய உச்சரிப்புக்கு அவர்களைவிடக் கிட்டத்தில் இருக்கிறது.

இரட்டிப்புக்குக் காரணம் வேர்ச்சொல். எபிரேயச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகளாலான எலும்புக்கூட்டின் மேல் கட்டப்படுபவை. நாம் பகுதியோடு விகுதியை ஒட்டுகிறோம். அவர்கள் மெய்களை அப்படியே வைத்துக்கொண்டு நடுவிலுள்ள உயிர்களை மாற்றுகிறார்கள். இங்கே வேர் ஹேத்-நூன்-நூன். ‘ஹானன்’ என்றால் இரங்கினான், தயவு காட்டினான். ‘ஹேன்’ என்றால் தயை. கூடவே, பார்த்தவுடன் பிடித்துப்போகும் வசீகரம் என்றும் பொருள் உண்டு. நீதிமொழிகளின் கடைசி அதிகாரத்தில் ‘சௌந்தரியம் வஞ்சனையுள்ளது’ என்று வருகிற இடத்தில் எபிரேய மூலத்தில் நிற்பது இந்த ஹேன்தான். ‘தெஹின்னா’ என்றால் இரக்கம் கேட்டுச் செய்யும் விண்ணப்பம். ‘ஹினாம்’ என்றால் காசு வாங்காமல், சும்மா. இன்றும் இஸ்ரேலியக் கடைகளில் இலவசத்துக்கு இதுதான் சொல். தகுதி பாராமல், விலை கேட்காமல், மேலிருப்பவர் கீழிருப்பவருக்குக் கொடுப்பது: இந்த வேர் சுமப்பது அதைத்தான். தமிழில் ‘அருள்’ என்ற சொல் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும்.

பெயர்ப் பட்டியல்களில் அதிகம் நிகழும் பிழை இந்த இடத்தில்தான். ஹன்னா என்றால் ‘கடவுள் அருளினார்’ என்று போட்டிருப்பார்கள். பெயருக்குள் கடவுள் இல்லை. வெறும் ‘அருள்’, அதோடு பெண்பால் முடிவு, அவ்வளவுதான். கடவுளின் பெயர் சேர்ந்த வடிவங்கள் வேறு. ‘யா’ என்ற இறைப்பெயர் பின்னால் சேர்ந்தால் ஹனன்யா. தமிழ் விவிலியத்தின் அனனியா இவர்தான். முன்னால் சேர்ந்தால் யோஹனான், அதுவே யோவான். ‘ஏல்’ சேர்ந்தால் எல்ஹனான். இஸ்ரவேலருக்கு அண்டை வீட்டுக்காரர்களான பினீசியர் மொழியும் எபிரேயத்துக்கு உடன்பிறப்பு; அவர்கள் தங்கள் தெய்வமான பாகாலைச் சேர்த்தார்கள். அப்படிப் பிறந்த பெயர்தான் ஹன்னிபால், ‘பாகாலின் அருள்’. யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி ரோமை நடுங்கவைத்த கார்த்தேஜ் தளபதியும் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் அன்னாளும் ஒரே வேரில் கிளைத்தவர்கள். கார்த்தேஜை நிறுவியதாகச் சொல்லப்படும் அரசி டைடோவுக்கு ரோமானியக் கவி வெர்ஜில் ஒரு தங்கையைக் காட்டுகிறார். அவள் பெயர் அன்னா.

யோவானின் தமிழ்ப் பெயர் ஒன்று இந்த வேரைத் தெளிவாக வெளியே காட்டுகிறது. பழைய கத்தோலிக்கத் தமிழில் யோவானுக்கு ‘அருளப்பர்’ என்று பெயர். 1693-இல் ஓரியூரில் கொல்லப்பட்ட போர்த்துக்கீசியத் துறவி ஜான் டி பிரிட்டோவுக்கு ‘அருளானந்தர்’. ஒலியைப் பெயர்க்காமல் பொருளைப் பெயர்த்திருக்கிறார்கள். யோவானுக்கு இந்த மரியாதை கிடைத்தது. அதே வேரில் பிறந்த அன்னாளோ ஒலிபெயர்ப்போடு நின்றுவிட்டாள்.

கோயில் வாசலில் ஒரு பெண்

முதல் அன்னாளை விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில், சாமுவேலின் முதல் புத்தகத் தொடக்கத்தில் பார்க்கிறோம். எப்பிராயீம் மலைநாட்டு எல்க்கானாவுக்கு இரண்டு மனைவியர். பெனின்னாளுக்குப் பிள்ளைகள் உண்டு, அன்னாளுக்கு இல்லை. ஆண்டுதோறும் சீலோ ஊர்க் கோயிலுக்குப் பலியிடப் போகும்போதெல்லாம் பெனின்னாள் குத்திக்காட்டுவாள், அன்னாள் அழுது சாப்பிடாமல் இருப்பாள். கணவன், “பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்கு மேல் இல்லையா?” என்று கேட்கிறான். ஆறுதல் சொல்லத் தெரியாத கணவன்மாருக்கு உலக இலக்கியத்தில் இதைவிடப் பழைய உதாரணம் அதிகம் இருக்காது.

அவள் எழுந்து போய் மனதுக்குள் வேண்டுகிறாள். உதடு மட்டும் அசைகிறது, சத்தம் வரவில்லை. வாசல் நிலையருகே உட்கார்ந்திருந்த ஆசாரியன் ஏலி, குடித்திருக்கிறாள் என்று நினைத்து அதட்டுகிறான். அவள் நிலைமையைச் சொன்னதும் வாழ்த்தி அனுப்புகிறான். அப்போது அவள் சொல்லும் பதில்தான் பெயருக்கான திறவுகோல்: உம்முடைய கண்களிலே உம்முடைய அடியாளுக்கு ‘ஹேன்’ கிடைக்கட்டும். ஹன்னா ஹேன் கேட்கிறாள். எபிரேயத்தில் கேட்பவர் காதில் இந்தச் சிலேடை உடனே விழும். தமிழில் ‘தயை’ என்று வந்துவிட்டதால் அன்னாளுக்கும் தயைக்கும் உள்ள உறவு மறைந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் மேல் குற்றமில்லை. பெயரை மொழிபெயர்க்காதவரை இதைக் காப்பாற்ற வழியே இல்லை.

பிள்ளை பிறக்கிறது, சாமுவேல் என்று பெயரிடுகிறாள். ‘கர்த்தரிடத்தில் கேட்டேன்’ என்பது அவள் தரும் விளக்கம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. எபிரேயத்தில் ‘கேட்டல்’ என்பதன் வேர் சாமுவேல் என்ற பெயரைவிடச் சவுல் என்ற பெயருக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். சவுல் என்றாலே ‘கேட்கப்பட்டவன்’. அதாவது விவிலியத்துக்குள்ளேயே பெயர்களுக்குச் சொல்லப்படும் காரணங்கள் எப்போதும் இலக்கணப்படி இருப்பதில்லை. ஒலி ஒத்துப்போனால் போதும் என்று கதை நகர்ந்துவிடும். பெயர் ஆராய்ச்சியில் புதிதாக இறங்குபவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டால் நல்லது: கதை சொல்லும் பொருள் ஒன்று, வேர் சொல்லும் பொருள் வேறொன்று.

யூதர்கள் அந்தச் சத்தமில்லா வேண்டுதலைச் சட்டமாக்கினார்கள். யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தால்மூத்தின் பெராகோத் பகுதி அவள் நின்ற கோலத்திலிருந்து வரிசையாக விதிகளை எடுக்கிறது. மனதுக்குள் பேசினாள், ஆகவே வேண்டுதலில் மனம் நிற்க வேண்டும். உதடு அசைந்தது, ஆகவே சொற்களை உதட்டால் உச்சரிக்க வேண்டும். மனதுக்குள் நினைத்தால் மட்டும் போதாது. சத்தம் கேட்கவில்லை, ஆகவே குரலை உயர்த்தக் கூடாது. குடிகாரி என்று ஏலி நினைத்தான், ஆகவே குடித்தவர் வேண்டுதல் செய்யக் கூடாது. இன்றும் ஜெபாலயத்தில் முதன்மை வேண்டுதல் நேரத்தில் எல்லோர் உதடும் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். அந்தக் காட்சி அன்னாளிடமிருந்து வந்தது. யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவின் முதல் நாளில் வாசிக்கப்படுவதும் அவள் கதைதான். தால்மூத் எண்ணும் ஏழு பெண் தீர்க்கதரிசிகளில் அவளும் ஒருத்தி.

பெயரின் மூன்று எழுத்துகளுக்கும் பின்னாளில் ஒரு விளக்கம் சேர்ந்தது. யூதப் பெண்களுக்கென்று சொல்லப்படும் மூன்று கடமைகள்: அப்பம் சுடும் மாவில் ஒரு பங்கை எடுத்து வைக்கும் ‘ஹல்லா’, மாதவிடாய்த் தூய்மை பற்றிய ‘நித்தா’, ஓய்வுநாள் விளக்கேற்றும் ‘ஹத்லாகத் நேர்’. முதலெழுத்துகளைக் கூட்டினால் ஹேத், நூன், ஹே. பெயர் உண்டான விதம் இதுவல்ல. இது பின்னால் கண்டுபிடித்த பொருத்தம். ஆனால் யூத வீடுகளில் இந்தப் பெயருக்கு இருக்கும் மதிப்பில் இதற்கும் பங்கு உண்டு.

தலை உதிர்ந்த கதை

கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் விவிலியம் கிரேக்கத்துக்குப் போனது. கிரேக்க அரிச்சுவடியில் ஹேத் ஒலிக்கு எழுத்தே இல்லை. எனவே பெயர் ‘அன்னா’ ஆனது. லத்தீனிலும் அப்படியே. கிறிஸ்தவம் ஐரோப்பாவுக்குள் பரவியது இந்த இரு மொழிகளின் வழியாக என்பதால், கண்டம் முழுவதும் தலையில்லாத அன்னாதான் போய்ச் சேர்ந்தாள். லூக்கா நற்செய்தியில், குழந்தை இயேசுவைத் தேவாலயத்தில் காணும் முதிய தீர்க்கதரிசியும் கிரேக்கத்தில் அன்னா.

ஆனால் ஐரோப்பாவில் பெயரைப் பரப்பியவர் இந்த இருவரும் அல்ல. விவிலியத்தில் ஒரு வரிகூட இல்லாத மூன்றாமவர்: மரியாளின் தாய். 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, யாக்கோபின் பெயரில் வழங்கும் ஒரு பழைய கிரேக்க நூல், யோவாக்கீம் என்ற செல்வருக்கும் நெடுநாள் பிள்ளையில்லாத அன்னாவுக்கும் மரியாள் பிறந்ததாகச் சொல்கிறது. பிள்ளையில்லாத துயரம், வேண்டுதல், பிறந்தால் ஆண்டவருக்கே காணிக்கை என்ற நேர்ச்சை: சாமுவேலின் தாய் கதையின் அச்சு அப்படியே தெரிகிறது, பெயர் உட்பட. இஸ்லாமிய மரபிலும் மரியமின் தாய்க்கு இதே பெயர். குர்ஆன் அவரை ‘இம்ரானின் மனைவி’ என்று மட்டும் சொல்கிறது. ஹன்னா என்ற பெயரை விளக்கவுரைகள் தருகின்றன. அரபியில் ஹேத் ஒலிக்கு நேரான எழுத்து இருப்பதால் அங்கே தலை உதிரவில்லை.

புனித அன்னாவின் மேல் கத்தோலிக்க ஐரோப்பா கொண்டிருந்த பற்று பெரியது. எருசலேமில் அவர் வீடு இருந்ததாகக் கருதப்பட்ட இடத்தில் 12-ஆம் நூற்றாண்டில் சிலுவைப்போர்க்காரர்கள் கட்டிய ஆலயம் இன்றும் நிற்கிறது. சுல்தான் சலாதீன் அதை மதரசாவாக, அதாவது இஸ்லாமியக் கல்விக்கூடமாக, மாற்றியபோது பொறித்த அரபுக் கல்வெட்டு வாசலுக்கு மேலேயே இருக்கிறது. ஜெர்மனியில் அவர் சுரங்கத் தொழிலாளரின் காவலர். சாக்சனி மலைப்பகுதியில் 1490-களில் வெள்ளி கிடைத்தபோது எழுந்த ஊருக்கு அன்னாபெர்க் என்று பெயர். 1505 ஜூலை 2-ஆம் நாள் எர்ஃபுர்ட் அருகே இடிமழையில் சிக்கிய ஒரு சட்ட மாணவர், “புனித அன்னாவே காப்பாற்று, துறவியாகிவிடுகிறேன்” என்று அலறினார். அவர்தான் பின்னாளில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர். அப்பா சுரங்கத் தொழிலில் இருந்தவர், எனவே அந்தப் பெயர் வாயில் வந்ததில் வியப்பில்லை. அப்பாவின் பெயர் ஹான்ஸ். அதுவும் யோஹன்னஸின் சுருக்கம், அதாவது அதே அருள் வேர். 1584-இல் போப் 13-ஆம் கிரகோரி அன்னாவின் திருநாளை மேற்குத் திருச்சபை முழுவதற்கும் ஜூலை 26 என்று நிலைப்படுத்தினார்.

அரண்மனைகள் வழியாகவும் பெயர் பயணித்தது. பைசாந்தியத்தின் இளவரசி அன்னா 10-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கீவ் நகர விளாதிமிரை மணந்தார். விளாதிமிரின் பேத்தி அன்னா 1051-இல் பிரான்சின் அரசியானார். பிறகு பிரித்தானி, இங்கிலாந்து, ருஷ்யா என்று ஏராளமான அன்னாக்கள், ஆன்கள். வீட்டுச் செல்லப் பெயர்கள் மொழிக்கு மொழி மாறும்: ருஷ்யரிடம் ஆன்யா, அன்னுஷ்கா, ஸ்பானியரிடம் அனிதா, ஹங்கேரியரிடம் அனிகோ, பிரெஞ்சில் அனெத், ஆங்கிலத்தில் ஆனி. அடையாற்றின் அன்னி பெசன்ட் அம்மையார் பெயர் இந்தக் கடைசி வகை.

தலை மறுபடி முளைத்தது அந்தச் சபைச் சீர்திருத்தக் காலத்தில். லத்தீனை விட்டு எபிரேய மூலத்திலிருந்து நேரடியாக மொழிபெயர்த்தவர்கள் தொண்டை எழுத்தைப் பார்த்தார்கள். அதற்கு எச் போட்டார்கள். 1611-இன் ஆங்கில விவிலியத்தில் சாமுவேலின் தாய் ஹன்னா. லூக்காவின் முதியவளோ கிரேக்கத்திலிருந்து வந்ததால் அன்னா. ஒரே பெயர் ஒரே புத்தகத்தில் இரண்டு பெயராகிவிட்டது. இங்கிலாந்தின் தீவிரச் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களான பியூரிட்டன்கள் பழைய ஏற்பாட்டுப் பெயர்களைத் தேடித் தேடி வைத்தவர்கள்; அவர்களோடு ஹன்னா அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. 1990-களின் கடைசியில் அங்கே பெண் குழந்தைகளுக்கு வைக்கப்பட்ட முதல் ஐந்து பெயர்களுக்குள் அது இருந்தது.

ஒற்றை எழுத்து ஒருவரின் விதியைத் தீர்மானித்த காலமும் உண்டு. 1938 ஆகஸ்டில் ஜெர்மனியின் நாஜி அரசு யூதப் பெயர்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. பட்டியலில் இல்லாத பெயர் வைத்திருந்த யூதப் பெண்கள் எல்லோரும் ‘சாரா’ என்பதை, ஆண்கள் ‘இஸ்ரேல்’ என்பதைத் தங்கள் பெயரோடு சேர்க்க வேண்டும். 1939 ஜனவரி 1 முதல் நடைமுறை. தொண்டை ஒலியோடு எழுதப்படும் யூத வடிவம் அந்தப் பட்டியலில் இருந்தது, அன்னா இல்லை. அன்னா ஜெர்மானியப் பெயர், தொண்டையோடு சொன்னால் யூதப் பெயர்! வேர் என்னவோ ஒன்றுதான்.

அக்காலத்துப் பெண்கள் மூவர் பெயரைப் பார்த்தாலே எத்தனை வடிவங்கள் புழங்கின என்பது தெரியும். தத்துவவாதி ஹன்னா அரென்ட் பிறந்தபோது வைத்த பெயர் யோஹன்னா. நாட்குறிப்பு எழுதிய ஆன் ஃபிராங்கின் முழுப்பெயர் அன்னலீஸ். அன்னாவும் எலிசபெத்தும் ஒட்டிய பெயர், இரண்டுமே எபிரேயம். புதாபெஸ்டில் பிறந்த கவிஞர் அன்னா செனெஷ், வீட்டில் அனிகோ. பாலஸ்தீனம் போனதும் ஹன்னா ஆனார். 1944-இல் பாராசூட்டில் குதித்து யூதர்களைக் காப்பாற்ற வந்து, பிடிபட்டு, நவம்பர் 7 அன்று பிறந்த ஊரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கிரேக்கத்தில் உதிர்ந்த எழுத்தைத் தன் கையால் திரும்ப ஒட்டிக்கொண்டவர்.

தமிழில் முளைத்த வால்

தமிழில் நடந்தது வேறு. கிரந்த ‘ஹ’ கையிருப்பில் இருந்தும், பழைய தமிழ் விவிலியங்கள் பெயரின் தலையில் அதை வைக்கவில்லை. வாலில் ஒரு ‘ள்’ சேர்த்தன. சாராள், ரெபெக்காள், லேயாள், மார்த்தாள், மரியாள், அன்னாள்: ‘ஆ’வில் முடியும் பெண் பெயருக்கு அவள், இவள் என்பதுபோல் ஒரு பெண்பால் முடிவு. எபிரேயத்தில் பேசாத ஹே செய்த வேலையைத் தமிழில் இந்த ‘ள்’ செய்கிறது. ஏவாளைக் கவனித்தால் இன்னும் தெளிவு. எபிரேயத்தில் அவளும் ஹேத் எழுத்தில் தொடங்கும் ‘ஹவ்வா’தான். தலை போய், வால் வந்து ஏவாள் ஆனாள். தமிழ் முஸ்லிம்களின் ‘ஹவ்வா’வில் தலை அப்படியே இருக்கிறது.

‘ள்’ வெறும் அலங்காரம் அல்ல. பழைய தமிழ் மொழிபெயர்ப்பான திருப்புதலில் ‘அன்னா’ என்று ஓர் ஆண் வருகிறார்: காய்பாவோடு சேர்த்துச் சொல்லப்படும் பிரதான ஆசாரியர். அவர் பெயரும் அதே அருள் வேர். ஆக அந்தத் தமிழில் அன்னா ஆண், அன்னாள் பெண். ஒரு மெய்யெழுத்துதான் வேலி. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் சேர்ந்து 1995-இல் கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பில் பெண்ணும் ‘அன்னா’ என்று வருவதால் இந்த வேலி அங்கே இல்லை. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது: ஆங்கிலம் இரண்டாகப் பிரித்த பெயரைப் பழைய தமிழ் திருப்புதல் ஒன்றாகவே வைத்தது. சாமுவேலின் தாயும் அன்னாள், லூக்காவின் முதியவளும் அன்னாள். இந்த இடத்தில் ஆங்கிலத்தைவிடத் தமிழ் வாசகருக்கே பெயரின் தொடர்ச்சி பளிச்சென்று தெரியும்.

தரங்கம்பாடியில் ஜெர்மானியப் போதகர் சீகன்பால்க் அச்சிட்ட புதிய ஏற்பாட்டால் லூக்காவின் அன்னாள் முதலில் அச்சேறினாள். பழைய ஏற்பாட்டை அவர் தொடங்கி, 1719-இல் இறந்தபோது ரூத் வரை முடித்திருந்தார். ரூத்தை அடுத்து வருவது சாமுவேலின் முதல் புத்தகம். அதாவது அன்னாள் கதையின் வாசலில் நின்றுவிட்டது அவர் பேனா. அதை எடுத்து முடித்தவர் பெஞ்சமின் ஷூல்ட்சே.

கத்தோலிக்கத் தமிழில் மரியாளின் தாய் ‘அன்னம்மாள்’. இங்கே மரியாதைக்குரிய ‘அம்மாள்’ ஒட்டியிருக்கிறது. இலங்கையின் புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டிக் குடாநாட்டில் தலவில என்ற கடலோர ஊரிலுள்ள அன்னம்மாள் ஆலயத்துக்குத் தமிழரும் சிங்களவரும் சேர்ந்தே யாத்திரை போகிறார்கள். ஆண்டுக்கு இரண்டு பெருவிழா. கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவர்களிடம் அன்னம்மா, அன்னக்குட்டி என்று பெயர் வீட்டுக்கு வீடு உண்டு. 1959-இல் உயர் நீதிமன்ற நீதிபதியான அன்னா சாண்டியும், 1951-இல் சென்னை மாநிலப் பிரிவில் சேர்ந்த நாட்டின் முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரி அன்னா ராஜமும் அந்த மரபினர்.

ஒத்த ஒலி, ஒட்டாத உறவு

இந்தப் பெயரைப் போல ஒலிப்பவை நிறைய. உறவா இல்லையா என்று கண்டுபிடிக்க, பெயரை எபிரேய எழுத்தில் எழுதியவரிடமோ நல்ல அகராதியிலோ வேர்மெய்களைப் பார்க்க வேண்டும். ஹேத்தும் இரண்டு நூனும் தென்படுகின்றனவா? அந்த ‘ஹ’ தொண்டை ஹேத்தா, மெல்லிய ஹேயா? கடைசியாக, பொருள் அருளின் பக்கம் வருகிறதா? ஒலி ஒத்திருக்கிறது என்பது மட்டும் போதாது.

தமிழ் விவிலியத்திலேயே மூன்றை எடுத்துப் பார்க்கலாம். யோவன்னாள்: யோஹனானின் பெண் வடிவம், ஆகவே சொந்தம். சூசன்னாள்: முடிவு அப்படியே அன்னாள் மாதிரி, ஆனால் வேர் ‘ஷோஷன்னா’, லில்லி மலர். சொந்தமில்லை. ஓசன்னா: ‘இரட்சியும்’ என்று கெஞ்சும் சொல், பெயரே அல்ல. யூதர்களின் விளக்குத் திருநாள் ஹனுக்காவும் ஹேத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் மூன்றாவது மெய் ‘க்’, பொருள் பிரதிட்டை. எனவே வேறு வேர்.

மொழி மாறினால் மயக்கம் இன்னும் கூடும். ஜப்பானியத்தில் ஹனா என்றால் பூ. கொரியத்தில் ஹனா என்றால் ஒன்று. அரபியில் மெல்லிய ‘ஹ’வோடு ஹனா என்றால் மகிழ்ச்சி, இன்பநிலை. இந்த மூன்றையும் ஒரே பெயரின் ‘அர்த்தங்கள்’ என்று அடுக்கும் பட்டியலை நம்ப வேண்டாம். நம் ஊரின் அன்னம், அன்னை, அன்னபூரணி எதற்கும் இதோடு ஒட்டில்லை. ஆங்கில அனபெல்லும் அமபெல் என்ற வேறு பெயரிலிருந்து திரிந்தது. ரோமன் எழுத்தில் அன்னாவும் அண்ணாவும் ஒரே மாதிரி எழுதப்படுவதால், வெளிநாட்டவர் சிலருக்கு அண்ணா நகர் ஒரு பெண்ணின் பெயரில் இருப்பதுபோல் தோன்றுவதும் உண்டு.

எதிர்பாராமல் இடறிவிழ வைப்பது சிரியா, லெபனான் பக்கம். அங்கே அரபுக் கிறிஸ்தவர்களிடம் ஹன்னா ஆண்பெயர், யூஹன்னாவின் சுருக்கம். ஹன்னா என்று கையெழுத்திட்ட கடிதத்துக்கு “அன்புள்ள அம்மையீர்” என்று பதில் போட்டுவிட்டால் சங்கடம்தான். ஜெர்மனியிலும் ஹன்னா பல சமயம் யோஹன்னாவின் சுருக்கம், ஆனால் அங்கே பெண்.

சொல்வதும் எழுதுவதும்

ஹேத் ஒலியைப் பழக, மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்கு முன் வாயைத் திறந்து சுடுகாற்று ஊதுவோமே, அந்த மூச்சோடு ‘ஹ’ சொல்லிப் பார்க்கலாம். ஏமன் யூதர்களும் அரபியரும் சொல்வது கிட்டத்தட்ட அதுதான். இன்றைய இஸ்ரேலில் பெரும்பாலோர் அதைக் காறுவதுபோல் கரகரப்பாக, ‘க’வுக்கும் ‘ஹ’வுக்கும் நடுவில் சொல்கிறார்கள், அழுத்தம் கடைசி அசையில். ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷ் பேசுவோரிடம் அழுத்தம் முதல் அசைக்குப் போய்விடும். யூதர்கள் இந்த ஒலியைக் காட்ட ரோமன் எழுத்தில் சி, எச் இரண்டையும் சேர்த்து எழுதுவதுண்டு. நம்மவர் அதைப் பார்த்ததும் ‘சன்னா’ என்று படித்து, கொண்டைக்கடலையை நினைத்துக்கொள்வார்கள்.

தமிழில் எழுதும்போது ஹன்னா அல்லது அன்னா. றன்னகரம்தான், ‘ண்ண’ வேண்டாம், ஒற்றை ‘ன’வும் வேண்டாம். பழைய ஏற்பாட்டு அன்னாளை நினைத்துப் பெயர் வைப்பவர்கள் அன்னாள் என்றே வைக்கலாம்; பழையதாகத் தோன்றினாலும் அது தமிழ் இலக்கணத்தோடு வளர்ந்த வடிவம். பொருள் மட்டும் போதும் என்றால் அருள் என்று தொடங்கும் பெண் பெயர்களும் கிருபாவும் ஏற்கெனவே நம்மிடம் உண்டு.

சிக்கல் பெரும்பாலும் ரோமன் எழுத்தில் வருகிறது. கடைசி எச் ஒலிக்காத எழுத்து என்பதால் ஒரு சான்றிதழில் இருக்கும், அடுத்ததில் விடுபடும். இரண்டு ‘என்’ ஒன்றாகும். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருந்தால் பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைய நேரும். இந்தியாவில் பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரைச் சேர்க்க 12 மாதம் வரை கட்டணமில்லை, அதன் பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். எனவே பிறந்த வாரத்திலேயே அவசரப்பட்டு எழுத வேண்டியதில்லை. பெயரைத் தமிழிலும் ரோமன் எழுத்திலும் ஒரு தாளில் பெரிதாக எழுதி, கடைசி எச் வேண்டுமா வேண்டாமா என்று வீட்டில் முடிவு செய்துகொண்டு, பதிவு அலுவலகத்தில் வாயால் சொல்லாமல் அந்தத் தாளைக் கொடுப்பது நல்லது. சான்றிதழை வாங்கியதும் கவுண்டரை விட்டு நகருமுன் எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கவும்.